ஏற்றமும் இருதயமும்

கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்களிலே சமதரை அரிய பொருள். லயத்து வாசலிலிருந்து பீலிக்குச் சென்றால் இறக்கம்; குடத்தோடு திரும்பினால் ஏற்றம். நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து இவ்வேற்றங்களை வென்ற மூதாட்டி ஒருத்தி, மாரடைப்புக்குத் தப்பி வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை யாது? "அசையாமல் படுத்திருங்க, அம்மாயி!"

அன்பினால் விளையும் தீங்கு இது. ஆயினும் அவர்களைக் குறை கூறுவதெப்படி? மேனாட்டு வைத்தியரும் ஒரு காலத்தில் வாரக்கணக்கில் கட்டிலையே விதித்தனர். 1952இல் பாஸ்டன் நகரத்து லெவைன், லோன் என்னும் இருவர், 81 நோயாளரை நாற்காலியில் எழுப்பி உட்காரவைத்த அனுபவத்தை வெளியிட்டனர். மறு ஆண்டில், லண்டன் மாடி பஸ்களில் அமர்ந்தே ஓட்டும் சாரதியைக் காட்டிலும், படியேறி இறங்கும் நடத்துநருக்கு இருதயநோய் குறைவு என்று மொரிஸ் காட்டினார்.

அளவறிந்த நடை, தவறாத மருந்து, உப்பைக் குறைத்தல், அச்சம் தெளிதல் ஆகியவையே இருதயப் புனர்வாழ்வு. இதற்கென நாவலப்பிட்டிக்கோ, 2017இல் திறக்கப்பெற்ற டிக்கோயாப் புதிய வைத்தியசாலைக்கோ அடிக்கடி செல்வதென்றால் பஸ் கட்டணம் ஒருபுறம். துணைக்கு வரும் மகள் இழக்கும் ஒருநாட் பேர் மறுபுறம். 2020இல் கொள்ளைநோய் உலகை முடக்கியபோது, பல நாடுகளில் இப்பயிற்சி தொலைபேசி வழியே வீட்டுக்கே வந்தது. தகுந்த நோயாளரைத் தேர்ந்து நடத்தினால், வீட்டுப் பயிற்சியின் பயன் வைத்தியசாலைப் பயிற்சிக்கு ஏறத்தாழ நிகரென்றே ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

ஆனால், திரையில் தோன்றும் தாதி, "பத்து நிமிடம் நடவுங்கள்" என்று சமவெளி வாய்பாட்டை ஒப்பித்தால் போதுமா? "உங்கள் வாசல் ஏற்றமா, இறக்கமா?" என்று தமிழிலே கேட்டறிய வேண்டாமா? நடக்கையில் பேச வரவேண்டும், பாட வரக்கூடாது என்பது வைத்தியர் கையாளும் எளிய அளவுகோல். (மலைப்பாட்டு மரபினர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!) பேச்சே திணறினால் நிற்க வேண்டும். நெஞ்சு இறுகினால் தாதியை அழைத்துக் காத்திராது, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அம்மாயி முதல் வாரத்தில் பீலிவரை போகவேண்டியதில்லை. லயத்து வாசல் வரிசை நீண்ட சமதரையல்லவா? முதற் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பராவரை சென்று திரும்பட்டும். வழியில் மழைக்கு ஒதுங்கக் கூரையுண்டு. களைத்தால் அமரத் திண்ணையுண்டு. நலம் விசாரிக்க வாசல்தோறும் ஒருவருண்டு. அவர்களுக்கு அவள் மூச்சிரைக்காமல் மறுமொழி சொல்கிறாளா என்று பேரன் பார்த்துக்கொண்டால், மாலையில் தாதியிடம் சொல்வதற்கு அதுவே கணக்கு.