அடிபட்ட மூளையும் அடங்காத கோபமும்

"சுவாமி, ஆஸ்பத்திரியாலை திரும்பி வந்தது என்ரை மனுசன் இல்லை. ஆரோ வேறை ஆள்."

வெங்காயத் தோட்டங்கள் நிறைந்த கிராமமொன்றில் ஓர் இளம் தாய் இப்படிச் சொல்லி அழுதாள். மோட்டார் சைக்கிள் விபத்தில் அவளது கணவருக்குத் தலையில் பலத்த அடி. பல நாட்கள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தார். காயம் ஆறியது, நடந்தார், கதைத்தார். ஆனால் முன்னர் அதிர்ந்து பேசாத அந்த மனிதர், இப்போது கறியில் உப்புக் குறைந்தால் சாப்பாட்டுக் கோப்பையை எறிகிறார். பிள்ளை அழுதால் கத்துகிறார். பிள்ளையுடன் தாய் வீட்டுக்குப் போய்விடுவதா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அயலவர் சிலர் பேய் என்றனர்; சிலர் திமிர் என்றனர். நானும் தவறினேன். அவரை அழைத்துப் பொறுமையைப் பற்றி நெடுநேரம் புத்தி சொன்னேன். தலைகுனிந்து கேட்டார். மறுநாள் மாலை மீண்டும் கோப்பை பறந்தது. கால் முறிந்தவரை ஓடச் சொன்னதற்கு ஒப்பானது என் புத்திமதி என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

கோபம் எங்கிருந்து வருகிறது?

ஆபத்தை உணர்ந்து நம்மை உசுப்பிவிடும் பகுதி மூளையின் ஆழத்தில் உள்ளது. அதனை நிதானப்படுத்தும் பகுதி நெற்றிக்குப் பின்னால் உள்ளது. முன்னையது வண்டியின் இயந்திரம் என்றால் பின்னையது பிறேக். விபத்தில் மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதும்போது இந்த முன்பகுதி எளிதில் பாதிப்படைகிறது. இயந்திரம் ஓடுகிறது; பிறேக் சரியாகப் பிடிப்பதில்லை. இதனோடு களைப்பு, மறதி, தலைவலி, நித்திரையின்மை, சத்தத்தைத் தாங்க இயலாமை, தொழிலை இழந்த துயரம் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. வெளியே தழும்பு தெரியாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம்.

இது புதிய செய்தியன்று. 1848 செப்டெம்பர் 13ஆம் திகதி, அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தால் நுழைந்த இரும்புக்கோல் உச்சந்தலையால் வெளியேறியது. அதன் நீளம் 3 அடி 7 அங்குலம். அவர் பிழைத்தார். ஆனால் பொறுமையற்றவராக, கடுஞ்சொல் பேசுபவராக மாறிவிட்டார் என அவரது வைத்தியர் ஹார்லோ 1868இல் எழுதினார். பலர் கதையை இத்துடன் நிறுத்திவிடுவர். எனினும் கேஜ் 1852இல் சிலி நாட்டுக்குச் சென்று பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். ஒரே பாதை, ஒரே நேர ஒழுங்கு, நாள்தோறும் ஒரே கடமைகள். அந்த ஒழுங்கே அவர் மீண்டும் மனிதரோடு பழக உதவியது என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

கற்றுக்கொள்ளக்கூடிய கலை

கோபத்தைக் கையாளப் பயிற்றும் உளச்சிகிச்சை முறையொன்றை றேமண்ட் நோவாகோ 1975இல் வகுத்தளித்தார். தலையில் காயமடைந்தவர்களுக்கும் இத்தகைய பயிற்சிகள் உருவாகின. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 90 பேர் பங்குபற்றினர். தனித்தனியாக 8 அமர்வுகள். பயிற்சி பெற்றவர்களில் கூடுதலானோர் தம் கோபம் தணிந்ததாகக் கூறினர். காயத்தைப் பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களிலும் பலர் பயனடைந்தனர். 'இது என் குற்றமன்று, என் காயம்' என்று அறிவதே பாதி மருந்து.

நம் தோட்டக்காரரையும் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே அவர் கற்றவை எளியவை.

முதலாவது, குறித்துவைத்தல். எப்போது, எங்கே, எதன் பின் கோபம் வந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதவேண்டும். அவர் சொல்ல மனைவி எழுதினாள். இரண்டு வாரத்தில் உண்மை வெளிப்பட்டது. கோபம் பெரும்பாலும் மாலையில்தான் வந்தது. காலை முதல் ஓய்வின்றித் தோட்டத்தில் நின்று, நீரிறைக்கும் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டுக் களைத்து வரும் நேரத்தில், வீட்டில் வானொலியும் பிள்ளையின் அழுகையும் சேர்ந்துவிடும். உப்பு வெறும் சாட்டு.

இரண்டாவது, உடலின் முன்னறிவிப்பை அறிதல். தாடை இறுகும், காது சூடாகும்.

மூன்றாவது, அவ்வேளையில் விலகுதல். "பிறகு கதைப்பம்" என்ற ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டு வேலியோரம் சென்று ஆறுதலாக மூச்சுவிட்டு, தணிந்தபின் திரும்பி வரவேண்டும். திரும்பி வருவது முக்கியம்.

குடும்பத்தவருக்கும் பாடம் உண்டு. கொதிக்கும் நேரத்தில் வாதாட வேண்டாம், பின்தொடர வேண்டாம். மதிய ஓய்வும் ஒழுங்கான நித்திரையும் அமையட்டும். மதுவைத் தவிர்க்கவேண்டும்; அது பலவீனமான பிறேக்கை முற்றாகக் கழற்றிவிடும். வலிப்புக்கான மருந்தை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது. தலைவலி கடுமையானாலோ, வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. காயம் கோபத்துக்குக் காரணமாகலாம், அடிதடிக்கு அனுமதியாகாது. ஆபத்தென்றால் மனைவியும் பிள்ளையும் பாதுகாப்பான இடத்துக்குச் செல்வது துரோகமன்று. 'பொறுத்துக்கொள்' என்று மட்டும் அவளுக்குச் சொல்லி அனுப்பாதிருப்போம்.

சில மாதங்களின் பின் அவ்வீட்டுக்குச் சென்றேன். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகேல்லை, சுவாமி," என்றாள் அவள். "ஆனால் இப்ப வேலியடிக்குப் போட்டுத் திரும்பி வாறார்."

அவள் தாய் வீட்டுக்குப் போகவில்லை.