மணையா, சிமிழா? கையால் செய்யும் கல்யாணப் பரிசு

ஆடி பிறந்துவிட்டால் பெங்களூருத் தமிழர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஊரில் கல்யாணம் கிடையாது. ரயில் டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். ஆனால் ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக வந்து அலமாரியில் சேரத் தொடங்கும். அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் குடியிருக்கும் குமாஸ்தாக்களுக்கும் தொழிலாளிகளுக்கும் பரிசைப் பற்றிய கவலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் அது எவர்சில்வர் கடையில் போய் முடியும். பாத்திரத்தை வாங்கி, மேலே பெயரையும் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம். கல்யாண வீட்டில் அதே அளவுப் பாத்திரம் ஆறும் சுவர்க் கடிகாரம் நான்கும் ஏற்கெனவே காத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

உளி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தாமே ஒரு மரச் சாமானைச் செய்து கொடுப்பதுதான் அது. ஆனால் எதைச் செய்வது என்ற இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போகும் தாய்மாமன், கையால் செய்த பரிசு இருக்கிறதே என்று சீரைக் குறைத்துக்கொள்ள முடியாது. சீரும் மொய்யும் கணக்கு நோட்டில் ஏறுபவை. நாலு பேர் முன்னால் உரக்கப் படிக்கப்படுபவை. மரத்தில் ஆறு வாரம் பாடுபட்டதை அந்த நோட்டில் எழுத இடமில்லை. தகுதிக்கு ஏற்ற மொய்யைத் தனியாக எழுதிவிட்டு, மரச் சாமானை அதற்கு மேலாகக் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் போய், 'வெறும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்' என்ற பேச்சைக் கேட்டுத் திரும்ப வேண்டாம்.

அடுத்தது ஆசைக்கு அணை போடுவது. புதிதாகத் தச்சு பழகியவருக்குக் கட்டிலும் அலமாரியும்தான் கண்ணில் நிற்கும். மணமக்கள் குடியேறப் போவது எங்கோ ஒரு வாடகை வீட்டில், பத்துக்குப் பத்து அறையில். அங்கே மாமாவின் அலமாரியை வைத்தால் அவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும். தொட்டில் செய்யலாம் என்று சிலர் கிளம்புவார்கள். நல்ல சாமான்தான், ஆனால் கல்யாணத்தன்றே கொடுத்துப் பெண்ணைச் சங்கடத்தில் ஆழ்த்துவானேன்? இழுப்பறை வைத்த பெட்டியும் வேண்டாம். மாசி, பங்குனியின் வறட்சியில் பெங்களூருவில் இறுக்கமாகப் பொருத்திய இழுப்பறை, ஐப்பசி மழையில் நாகப்பட்டினத்து வீட்டில் திறக்க வராது. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை, அகலத்தில்தான் எல்லாம். இதை மறந்து செய்த சாமான் ஒன்று வெடிக்கும், அல்லது சிக்கிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதில் முதலிடம் மணைக்குத்தான். மணமக்கள் மணையில் உட்காருவது நம் வழக்கம். கர்நாடகத்திலும் அப்படியே. கல்யாணமாகிவிட்டது என்பதைக் கன்னடத்தில் 'ஹசெமணெ ஏறினார்கள்' என்றே சொல்கிறார்கள். அந்த ஒரு நாளைக்குப் பிறகும் மணைக்கு வேலை உண்டு. பூஜைக்கு, நலங்குக்கு, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க, கால் வலிக்கும் பாட்டி உட்கார என்று அது வீட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு மேஜை வந்த வீட்டிலும் மணையை யாரும் தூக்கி எறிவதில்லை. ஆனால் சில குடும்பங்களில் மணை பெண் வீட்டார் கொண்டுவர வேண்டியது. முகூர்த்தத்துக்கு இதில் உட்காரலாமா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மணையை இரட்டையாகத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் 18 அங்குல நீளம், 14 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம் இருந்தால் போதும். இரண்டு பலகைக்கும் சேர்த்து மூன்றரைச் சதுர அடி. அதாவது கன அடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அடிச்சட்டம், சேதாரம் எல்லாம் சேர்த்தாலும் அரைக் கன அடியைத் தாண்டாது. தேக்கு விலை கேட்டுப் பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய வீடு இடித்த மரம் விற்கும் இடங்களில் நிலைச் சட்டமோ கதவுப் பலகையோ கிடைத்தால் இன்னும் விசேஷம். பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் அது இனிமேல் முறுக்கிக்கொள்வது அபூர்வம். உள்ளே பழைய ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இழைப்புளியின் வாய் போய்விடும்.

மைசூரு சாலை டிம்பர் யார்டு பக்கம் மரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருப்பது உதவும். தேக்கை இங்கே சாகுவானி என்பார்கள். நம் வேங்கை இங்கே ஹொன்னெ, மருதம் மத்தி, பலா ஹலசு, வேம்பு பேவு, தோதகத்தி என்கிற ஈட்டி, பீட்டெ. வேங்கை பார்க்க அழகு, உழைப்பும் அதிகம். ஆனால் ஈரம் பட்டால் கறை விடும் குணம் அதற்கு உண்டு. மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியை நினைத்துப் பார்த்தால் மணைக்கு அது ஆகாது. தேக்கோ பலாவோ போதும். வைரப் பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெளுத்த ஓரப் பகுதி சீக்கிரம் உளுத்துவிடும்.

வாங்கிய மரத்தை உடனே அறுக்கக் கூடாது. இரண்டு வாரமாவது வீட்டுக்குள் நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வைக்க வேண்டும். 14 அங்குல அகலத்தில் ஒரே பலகை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் விலை ஏறிவிடும். இரண்டு, மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் இழைத்து ஃபெவிகால் வைத்து இறுக்கிச் சேர்க்கலாம். பலகையின் முனையில் தெரியும் வளையக் கோடுகள் ஒன்றில் மேல்நோக்கி இருந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி வருமாறு மாற்றி வைத்தால், மணை கிண்ணம் போல் வளையாது. ஆடி மழையில் பசை காயத் தாமதமாகும். இறுக்கியதை ஒரு நாள் முழுக்க அவிழ்க்காமல் விடுவது உத்தமம்.

அடியில் குறுக்காக இரண்டு சட்டங்கள் வரும். ஒன்றரை அங்குலக் கனம் இருந்தால் உயரத்துக்கும் அதுவே ஆயிற்று. அனுபவமில்லாதவர்கள் தவறு செய்யும் இடம் இது. சட்டத்தைப் பசை போட்டு முழுக்க ஒட்டிவிட்டால், பலகை விரியவும் சுருங்கவும் வழியில்லாமல் நடுவில் பிளந்துகொள்ளும். பசையே போடாமல் திருகாணியால் மட்டும் பிடிக்க வேண்டும். நடுத் திருகாணி இறுக்கமாக இருக்கலாம். இரு பக்கமும் உள்ளவற்றுக்குச் சட்டத்தில் துளையைச் சற்று நீளவாக்கில் அகலப்படுத்தி, பலகை நகர இடம் விட வேண்டும். இரும்பைவிடப் பித்தளைத் திருகாணி மேல், ஈரத்தில் துருப்பிடிக்காது. மில்லில் கொடுத்து அறுத்து, இழைத்து வாங்கினால் அது கையால் செய்ததாகுமா என்று சிலர் கேட்பார்கள். மாடியில் குடியிருந்துகொண்டு ஞாயிறு மட்டும் ரம்பம் பிடிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி இதைவிடக் கடுமையாக இருக்கும்.

பளபளப்புக்காக அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்சு பாலிஷ் போடுவது மணைக்கு ஒத்து வராது. தண்ணீர் தேங்கினாலும் சூடான பாத்திரத்தை வைத்தாலும் வெள்ளை பூத்துவிடும். வார்னிஷ் போடலாம், அல்லது ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று நான்கு முறை தேய்த்து ஒவ்வொரு முறையும் காயவிடலாம். தேங்காய் எண்ணெய் காயாது, பட்டில் ஒட்டும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு. விரித்துக் காயப்போட்டு, பிறகு எறிய வேண்டும்.

மணைக்கு நேரமில்லை, ஆனால் தொழிற்சாலையில் கடைசல் பிடித்துப் பழக்கமிருக்கிறது என்பவர்களுக்குக் குங்குமச் சிமிழ் பொருத்தம். பெங்களூருவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், மைசூரு ரயில் பாதையில் இருக்கும் சென்னப்பட்டணத்தில் இந்த வேலையை நேரிலேயே பார்க்கலாம். அங்கே பயன்படுவது 'ஆலெ மர' எனப்படும் மரம். நம் ஊர் வெட்பாலைதான். வெளுப்பான, மென்மையான, பிசிறில்லாமல் கடையக்கூடிய மரம் அது. சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் அழுத்தித் தேய்த்ததும் கண்ணாடி போல் மினுங்கும். கடைசல் தெரியாதவர்கள் அங்கேயே அளவு சொல்லிச் செய்யச் சொல்லி வாங்கலாம். சொந்தக் கைவேலை இல்லைதான். ஆனாலும் ஒரு கைவினைஞரின் வேலை.

பல்லாங்குழியும் நல்ல பரிசு. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகளை ஒரே ஆழத்தில் உளியால் தோண்ட வேண்டும் என்பதால் பொறுமைசாலிகளுக்கு மட்டும். முதல் கொலுவுக்கென்று பெண்ணுக்கு மரப்பாச்சி கொடுக்கும் வீடுகளும் உண்டு. அதற்காகச் செம்மரம் தேடிப் போவது ஆபத்து. செம்மரமும் சந்தனமும் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளவை. ரசீதில்லாத துண்டு ஒன்று பையில் இருந்தாலும் வழியில் பதில் சொல்ல நேரும். சந்தனச் சாமான்தான் வேண்டும் என்றால் கர்நாடக அரசின் காவேரி எம்போரியத்தில் ரசீதோடு வாங்கிவிடலாம்.

மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் மணையின் அடிப்பக்கத்தில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் எழுதலாம். கொடுத்தவர் பெயர் மேலே தெரிய வேண்டியதில்லை. அது எவர்சில்வர் வழக்கம். இரண்டு மணைகளையும் முகத்தோடு முகம் வைத்து, நடுவே பழைய வேட்டியை மடித்து வைத்துக் கட்டினால் ஐந்து அங்குல உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரே பொட்டலம். தேக்கானால் ஆறேழு கிலோதான் இருக்கும். இரவுப் பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். கட்டுவதற்கு முன் சமமான தரையில் வைத்து, வீட்டில் கனமான ஆளாகப் பார்த்து உட்காரவைக்க வேண்டும். ஆடினால், எதிரெதிர் மூலைகளில் தரையில் பதிந்து நிற்கும் சட்ட முனைகள் இரண்டைக் கண்டுபிடித்து, இழைப்புளியால் ஒரு சீவு சீவி, மறுபடி உட்காரவைத்துப் பார்க்கலாம்.