ஆடு ஜெயிக்குமா? ஆடுபுலி ஆட்டத்தின் கணக்கு என்ன?

வியாழக்கிழமை என்றால் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் ஆட்டுச்சந்தை. அங்கே விலை போகிற ஆடு, ஆடுபுலி ஆட்டத்தில் புலியையே மடக்கும். எப்படி?

செஸ் மாதிரி இரு பக்கமும் சம படை கிடையாது. 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். 15-ம் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது. ஆட்டுக்கு அடுத்து, அதே கோட்டில் புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை.

ஆனால், அந்தப் புள்ளியில் இன்னொரு ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. இப்படியே சேர்ந்து நின்று, மூன்று புலிக்கும் நகர வழியில்லாமல் செய்தால் ஆடு ஜெயிச்சாச்சு!

செலவு? ஒரு சாக்பீஸ், கொஞ்சம் கல், புளியங்கொட்டை. அவ்வளவுதான்.