"அப்பாவுக்கு என்ன வேலை?" - பதில் சொல்லத் தயங்கும் பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம்

புதுதில்லி: பள்ளியில் புதிதாகச் சேரும் குழந்தையிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி, "அப்பாவுக்கு என்ன வேலை?" என்பதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சாதாரணக் கேள்வி. சாக்கடை அடைப்பை நீக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு அவ்வாறல்ல. உண்மையைச் சொன்னால் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் நகர்ந்து உட்காருவாரோ என்ற அச்சம் அந்தப் பிள்ளையை வாய் மூடச் செய்கிறது.

இந்தத் தயக்கத்தையே கருவாகக் கொண்டு வெளிவந்த சிறுவர் நூல் "மை நேம் இஸ் குலாப்" (என் பெயர் குலாப்). சென்னையில் இயங்கும் தூலிகா பதிப்பகம் 2021-ம் ஆண்டு இதை வெளியிட்டது. சாகர் கோல்வங்கர் கதையை எழுதியதுடன் படங்களையும் வரைந்துள்ளார். ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறு படக்கதைதான் என்றாலும், அது எழுப்பும் கேள்வி சிறியதன்று.

குலாபின் தந்தை நகரத்துச் சாக்கடைகளைச் சுத்தம் செய்பவர். அதனால் வகுப்பில் சிலர் அவளுக்கு நாற்றத்தைக் குறிக்கும் பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்கின்றனர். இந்தியில் குலாப் என்றால் ரோஜா. மணக்கும் பெயரை வைத்துக்கொண்டு இந்த வசையைச் சுமக்க வேண்டிய நிலை அந்தச் சிறுமிக்கு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது. அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாத குலாப், சாக்கடையைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் மாதிரியைச் செய்து காட்டுகிறாள்.

அறிவுரை போதாது

பெற்றோரின் வேலை குறித்துக் கூச்சப்படும் பிள்ளைகளைப் பற்றிய கதைகள் பெரும்பாலும், "எந்தத் தொழிலும் இழிவானதல்ல" என்ற நீதியுடன் முடிந்துவிடும். அந்த நீதி பல இடங்களில் பொருந்தவும் செய்கிறது. 2016-ல் இந்தியில் "நில் பட்டே சன்னாட்டா" என்றும், அதே ஆண்டில் தமிழில் "அம்மா கணக்கு" என்றும் வெளிவந்த திரைப்படங்களை உதாரணமாகச் சொல்லலாம். வீட்டு வேலை செய்யும் தாய், மகளின் வகுப்பிலேயே மாணவியாக வந்து சேரும்போது மகள் கூனிக் குறுகுகிறாள். தாயின் உழைப்பை உணரும்போது அவள் மனம் மாறுகிறது. இரண்டு படங்களையும் இயக்கியவர் அஸ்வினி ஐயர் திவாரி.

ஆனால் குலாபின் தந்தை செய்யும் வேலைக்கு இந்த நீதி பொருந்தாது. அவரது உழைப்பு மதிக்கத்தக்கது. எனினும், மனிதர் ஒருவர் சாக்கடைக்குள் இறங்கித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற நிலை ஏற்கத்தக்கதன்று. மகளுக்குத் தேவை தந்தையின் தொழிலைப் புகழும் சொற்பொழிவு அல்ல, தந்தை அதற்குள் இறங்கத் தேவையில்லாத ஒரு வழி. அந்த வழியை ஒரு சிறுமியே தேடுவதாகக் காட்டியதில்தான் இந்நூல் வழக்கமான நீதிக் கதைகளிலிருந்து வேறுபடுகிறது.

மகனிடம் மறைத்த தந்தை

பிள்ளையின் கூச்சத்துக்கு மறுபக்கம் பெற்றோரின் வேதனை. மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் "தோட்டியுடெ மகன்" நாவல் 1947-ல் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் "தோட்டியின் மகன்" என்ற பெயரில் தமிழ் வாசகர்களுக்கும் அது அறிமுகமானது. அதில் வரும் சுடலைமுத்து, தன் மகன் இத்தொழிலுக்கு வரக்கூடாது என்பதற்காக அவனைத் தன் வேலையின் வாடையே படாமல் வளர்க்க முயல்கிறான். அழகான பெயர் வைத்துப் பள்ளிக்கும் அனுப்புகிறான். இறுதியில் மகனும் அதே வாளியைத்தான் தூக்க நேர்கிறது.

கதையில் மட்டுமின்றி வாழ்விலும் இது நடந்துள்ளது. கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அவரது தந்தை தங்கவயல் குடியிருப்பின் உலர் கழிப்பிடங்களில் மலம் அள்ளும் தொழிலாளி. வில்சன் ஆந்திர மாநிலத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியை முடித்தவர். அவரது குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வி பெற்றவரும் அவரே. பள்ளியில் ஒதுக்கப்பட்ட வலியையும் பெற்றோரின் நிலையைக் கண்ட கோபத்தையும் அவர் இயக்கமாக மாற்றினார். துப்புரவுத் தொழிலாளர் உரிமைக்காக அவர் கட்டமைத்த சஃபாய் கர்மசாரி ஆந்தோலன், 2003-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2016-ம் ஆண்டுக்கான மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் இவ்விருதைப் பெற்றது குறிப்பிடத்தக்கது.

சட்டமும் சான்றிதழும்

மனிதரைக் கொண்டு மலம் அள்ளச் செய்வதைத் தடுக்க 1993-லும், அதைவிட விரிவாக 2013-லும் நாடாளுமன்றம் சட்டங்களை இயற்றியது. உரிய பாதுகாப்பின்றிப் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆட்களை இறக்குவதும் 2013 சட்டத்தின்படி குற்றம். ஆயினும் 2019 முதல் 2023 வரையிலான 5 ஆண்டுகளில் இவ்வகைப் பணியில் 377 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது.

இத்தகைய மரணங்களுக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்க 2014-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20-ம் தேதி அத்தொகையை ரூ.30 லட்சமாக உயர்த்தியது. இறந்தவர்களின் பிள்ளைகள் முறையான கல்வி பெறுவதற்கு உதவித்தொகை வழங்கவும் அத்தீர்ப்பு அறிவுறுத்தியது.

தூய்மைப் பணியில் உள்ளோரின் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1977-78 முதலே நடைமுறையில் உள்ளது. "அசுத்தமான தொழில்" செய்வோரின் பிள்ளைகளுக்கு என்றே நீண்ட காலம் அதன் பெயர் இருந்தது. பின்னரே, "தூய்மைப் பணி மற்றும் உடல்நலத்துக்கு ஆபத்தான தொழில்" என அது மாற்றப்பட்டது. உதவி தேவையானதே. ஆனால் அதைப் பெற, பெற்றோர் இத்தொழிலைத்தான் செய்கின்றனர் என்பதை அதே பிள்ளை பள்ளியில் சான்றுடன் தெரிவித்தாக வேண்டும். வகுப்பறையில் மறைக்க விரும்புவதை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை இது. அந்த விண்ணப்பத்தை வாங்கும் ஆசிரியர் அதை எவ்வாறு கையாள்கிறார் என்பதில்தான் குழந்தையின் மானம் அடங்கியுள்ளது.

ராக்கெட் பார்க்கும் பிள்ளைகள்

இத்தகைய நூல்கள் நகரத்துப் புத்தகக் கடைகளுடன் நின்றுவிடாமல் தடா போன்ற ஊர்களின் பள்ளிகளையும் சென்றடைய வேண்டும். ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள தடாவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. ஒருபுறம் பழவேற்காடு ஏரி, மறுபுறம் கொல்கத்தா நெடுஞ்சாலை, அருகிலேயே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை என்பதால், மீனவர், லாரி ஓட்டுநர், ஆலைத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர் எனப் பலதரப்பட்டோரின் பிள்ளைகளும் அங்கு ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். தூலிகா பதிப்பகமோ தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் சிறுவர் நூல்களை வெளியிட்டு வருகிறது.

சென்னையிலிருந்து புறப்படும் புறநகர் ரயில் தடாவைக் கடந்து சூளூர்பேட்டை செல்கிறது. அங்கிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14-ம் தேதி சந்திரயான்-3 விண்ணில் பாய்ந்தது அங்கிருந்துதான். நிலவுக்குக் கருவியை அனுப்பத் தெரிந்த நாட்டுக்குச் சாக்கடையில் கருவியை இறக்குவது முடியாத காரியமல்ல. கேரளத்தைச் சேர்ந்த ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் "பாண்டிகூட்" இயந்திரம் 2018-லேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

இயந்திரம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இவை இரண்டும் ஒவ்வொரு நகராட்சியிலும் நடைமுறைக்கு வரும்வரை, தந்தையின் வேலைக்காக வெட்கப்பட வேண்டியவர் மகள் அல்லர். அவரை இன்னும் சாக்கடைக்குள் இறக்கிக்கொண்டிருப்பவர்களே.