றவுட்டரின் உட்பக்கம்

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தபோதே, எமது கிராமத்து வீடுகள் பலவற்றிற்கு றவுட்டரும் வந்தது. பொருத்தியவர் விட்டுச்சென்ற அமைப்பிலேயே அது இன்றும் அலுமாரி மேல் கிடக்கிறது. மாதம் முடியுமுன் டேட்டா தீர்ந்துவிடுகிறது என்கின்றனர். குற்றம் எப்போதும் கம்பனியினுடையதல்ல.

றவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பல றவுட்டர்களில் 192.168.1.1) உலாவியில் தட்டினால் உட்பக்கம் திறக்கும். முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவோம். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 ஆக இருக்கட்டும், பழைய டபிள்யூ.ஈ.பி. 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. டபிள்யூ.பி.எஸ். வசதியையும் நிறுத்திவிடுவது நல்லது. அதன் 8 இலக்க எண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதால், 10 கோடி முயற்சி வேண்டிய இடத்தில் 11,000 போதும் என்பது 2011இல் அம்பலமானது.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஹேட்ஸ் சுவர் தாண்டிப் போகும். 5 கிகாஹேட்ஸ் வேகமானது, ஆனால் கல்வீட்டின் இரண்டாம் சுவரிலேயே களைத்துவிடும். 2.4இல் 20 மெகாஹேட்ஸ் அகலத்தில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அயலவர் 6இல் இருக்க நாம் 4ஐத் தெரிந்தால் இருவருக்கும் இடைஞ்சல். அகலத்தை 40 ஆக்குவது, ஒடுங்கிய ஒழுங்கையில் இரண்டு வண்டிலைச் சோடியாக ஓட்டுவதுதான்.

கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் தாய்மார் தயங்குகின்றனர்: “பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இதிலைதானே படிக்குது, பாதர்?” நியாயமான தயக்கம். அதற்கென்றே பல றவுட்டர்களில் ‘விருந்தினர் வலை’ உண்டு. அதற்கு வேறொரு கடவுச்சொல் வைத்து அந்தப் பிள்ளையிடம் கொடுக்கலாம். வேண்டிய நேரத்தில் மாற்றவும் முடியும்.