ஏரி நிறைந்தும் வாடும் பயிர்



நான் ஆசிரியனாய் இருந்த நாளில் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாரான். கேட்ட வினாவுக்கு விடை கூறான். அடம் பிடிக்கிறான் என்று எண்ணிப் பலமுறை அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். ஆட்டிசம் என்னும் சொல்லை நான் அறிந்தது பல்லாண்டுகள் கழித்தே. அந்தப் பிழையின் நினைவே இன்று என்னைப் பேசத் தூண்டியது.

கீரைகளிலும் பயறுகளிலும் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து உண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், கருவுற்ற பெண்களை வாட்டிய ஒருவகை இரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் நீங்குவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்தது இச்சத்தே எனப் பின்னர் தெளிந்தது. 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் 4 டன் கீரையைப் பக்குவப்படுத்தி இதனைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். உயிரணுக்கள் பெருகுவதற்கும் மூளை செவ்வனே இயங்குவதற்கும் இது இன்றியமையாதது.

இனி, இரத்தத்திலுள்ள ஃபோலேட் மூளையை அடைவது எங்ஙனம்? மூளையின் உட்குழிகளில், மூளையைச் சூழ்ந்த நீரைச் சுரக்கும் மெல்லிய பின்னல் ஒன்று உள்ளது. அதன் அணுக்களில் அமைந்த 'ஃபோலேட் ஏற்பி ஆல்பா' என்னும் புரதம், இரத்தத்தில் ஓடும் ஃபோலேட்டைப் பற்றி உட்புறம் சேர்க்கிறது. அதன் திறத்தால், அந்நீரில் ஃபோலேட்டின் செறிவு இரத்தத்தில் உள்ளதைவிட மிகுந்திருக்கும்.

ஏரி நிறைந்திருந்தும் மடை அடைபட்டால் பயிர் வாடாதோ? சிலருடைய உடல், நோய்க் கிருமிகளோடு போரிட வேண்டிய எதிர்ப்பொருளை இந்த ஏற்பிக்கு எதிராகவே உண்டாக்கிவிடுகிறது. அப்போது இரத்தத்தைச் சோதித்தால் குறை தோன்றாது. மூளையோ சத்தின்றி வறண்டிருக்கும். 2005-இல் ராமேக்கர்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர், இக்குறை கொண்ட 28 குழந்தைகளுள் 25 பேரிடம் இவ்வெதிர்ப்பொருளைக் கண்டனர். ஒப்பிடக் கொண்ட 28 பேருள் ஒருவரிடமும் காணவில்லை. பின்னர் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடமும் அது காணப்பட்டது.

பெருமடை அடைபட்டாலும் சிறு வாய்க்கால் ஒன்று உண்டு. இரத்தத்தில் செறிவு மிகும்போது வேறொரு புரதத்தின் வழியாகவும் ஃபோலேட் உட்புகும். ஆதலால் ஃபோலினிக் அமிலத்தை மிகுந்த அளவில் கொடுத்துப் பார்த்தனர். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள 48 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு சாராருக்கு அம்மருந்தும் மற்றவர்க்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் அளித்தனர். மருந்துண்டவரிடம் பேச்சுத்திறன் கூடுதலாக வளர்ந்தது. எதிர்ப்பொருள் உடையவரிடம் பயன் தெளிவாய்த் தெரிந்தது.

ஆயினும் 48 என்பது சிறு தொகை. நலமுள்ளோர் சிலரிடமும் இவ்வெதிர்ப்பொருள் உண்டு. ஆட்டிசத்திற்குக் காரணங்கள் பல. ஒரே மருந்து எல்லோர்க்கும் தீர்வாகாது. மருத்துவர் ஆராய்ந்து சொல்லாமல் எவரும் அதனை உட்கொள்ளலாகாது.

என் மாணவனின் மௌனத்திற்குக் காரணம் இதுவே என்று நான் கூற வரவில்லை. காரணம் உண்டா என்று ஒரு நாளேனும் நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. உங்கள் வகுப்பில் பேசாத தோழன் ஒருவன் இருப்பானாயின், அவனை எள்ளாதீர்கள்; அருகில் சென்று அமருங்கள்.