சக்கரத்தின் அளவும் பளுவும்

வாடிப்பட்டி வட்டாரத்தில் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தொளி உழவு தொடங்கிவிடும். 1895-ஆம் ஆண்டில் முடிவுற்ற பெரியாறு அணையின் பயனாக, பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் நிலம் இருபோகப் பாசனம் பெறுகிறது. இந்நிலங்களில் ஏர்மாடுகளின் இடத்தை இன்று பெரும்பாலும் டிராக்டர் ஏற்றுக்கொண்டுவிட்டது. டிராக்டர் நிற்கும் கொட்டகையிலேயே மோட்டார் கார் ஒன்றும் நிற்பது இப்போது அபூர்வமன்று. டிராக்டரின் பெரிய சக்கரத்துக்குப் பளு சேர்த்தால் இழுவை கூடுவதைக் கண்டவர், காருக்கும் பெரிய, கனத்த சக்கரமே சிறந்ததென்று கருதுவது இயல்பு. ஆயினும் வயலுக்கு ஏற்ற விதி சாலைக்கு ஏற்றதாகாது. இவ்வேற்றுமையை அறிந்துகொள்வது பணச் செலவையும், சில சமயங்களில் உயிரையும் காக்கும்.

மாட்டுவண்டி காட்டும் பாடம்

பழைய மரவண்டியின் சக்கரம் நான்கு, ஐந்து அடி உயரம் இருந்ததற்குத் தக்க காரணம் உண்டு. பாதையில் 3 அங்குல உயரமுள்ள கல் ஒன்று கிடப்பதாக வைத்துக்கொள்ளலாம். 5 அடிச் சக்கரம் அதன்மேல் ஏறுவதற்கு, அச் சக்கரம் தாங்கும் பாரத்தில் ஏறக்குறையப் பாதியளவு இழுப்பு தேவை. சக்கரம் இரண்டரை அடியே ஆயின், பாரத்தில் முக்கால் பங்கு இழுக்க வேண்டும். மேடுபள்ளமான வண்டிப் பாதையில் பெரிய சக்கரம் மாடுகளின் கழுத்தைக் காத்தது இதனாலேயே.

அப்படியாயின் சிறிய சக்கரமுள்ள டயர் வண்டி எளிதாக ஓடுவது எப்படி? காற்றடைத்த ரப்பர் டயருக்கு 1845-இல் தாம்சன் என்பவரும், 1888-இல் டன்லப் என்பவரும் காப்புரிமை பெற்றனர். இரும்புப் பட்டை கல்லின்மேல் வண்டி முழுவதையும் தூக்கியாக வேண்டும். காற்று டயரோ கல்லைத் தன்னுள் அமுக்கிக்கொண்டு கடந்துவிடும். மேலும், குறுகிய இரும்புப் பட்டை மண்ணை அறுத்து இறங்கும். அகன்ற டயர் பாரத்தைப் பரப்பி நிற்கும். ஆகவே சக்கரத்தின் உயரம் மட்டுமன்றி, அது மண்ணைத் தொடும் விதமும் இழுப்பை நிர்ணயிக்கிறது.

வயலில் டிராக்டர்

டிராக்டரின் வேலை விரைந்தோடுவதன்று. மண்ணைப் பற்றி இழுப்பதாகும். பளு குறைந்தால் பின்சக்கரம் ஒரே இடத்தில் வழுக்கிச் சுழன்று எண்ணெயையும் டயரையும் வீணாக்கும். எனவே புழுதி உழவின்போது பின்சக்கரத்தில் இரும்பு எடைகளைப் பூட்டுவதும், டயரினுள் முக்கால் பங்கு வரை தண்ணீர் நிரப்புவதும் உண்டு. உழவின்போது சிறிதளவு வழுக்கல் இருப்பது இயற்கையே. நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் வழுக்கினால் பளு போதாது. வழுக்கலே இல்லையெனில் பளு மிகுதி என்று கொள்ளலாம்.

தொளி வயலில் இவ்விதி தலைகீழாகிறது. அங்கே மிகுந்த பளு சக்கரத்தைச் சேற்றில் புதைத்துவிடும். ஆதலால் கூட்டிய எடைகளைக் கழற்றி, தண்ணீரையும் வடித்துவிட்டு, கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தைப் பூட்டுவது முறை. அது சேற்றில் அகலமாகப் பரவித் தாங்குவதோடு, மண்ணையும் நன்கு குழப்பிவிடும்.

அதே கூண்டுச் சக்கரம் தார்ச்சாலையில் ஏறினால் அதன் இரும்புப் பற்கள் சாலையைக் கொத்திவிடுகின்றன. கொத்துண்ட இடத்தில் மழைநீர் இறங்கி, ஒரு பருவத்துக்குள் குழியாகிவிடும். அச் சாலையில் நெல்லை ஏற்றிச் செல்பவர்களும் அதே விவசாயிகளே. ஆகையால் கூண்டுச் சக்கரத்தை டிரெய்லரில் ஏற்றிச் சென்று வயல் வரப்பருகே பூட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் உழவுப் பருவத்துக்கு முன்பே வலியுறுத்துவது நலம்.

சாலையில் மோட்டார் கார்

காரின் நிலை வேறு. அது அடிக்கடி புறப்பட்டு, வேகம் பிடித்து, நிற்க வேண்டிய வண்டி. குயவரின் சக்கரத்தில் கனம் விளிம்பில் இருப்பதால், அதைச் சுழற்றிவிடுவதும் கடினம், சுழன்றபின் நிறுத்துவதும் கடினம். காரின் சக்கரமும் அவ்வாறே. ஓடும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு கிலோ, முன்னேறவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆதலால் வேகம் பிடிக்கையில் அது வண்டியின் உடலில் வைத்த இரண்டு கிலோவுக்குச் சமமாகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் விளிம்பில் 3 கிலோ கூடினால், நான்கிலும் 12 கிலோ. புறப்படும்போது எஞ்சினும் நிறுத்தும்போது பிரேக்கும் அதை 24 கிலோவாகவே உணரும். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது இக் குறை அதிகம் தோன்றாது. கடைவீதியிலும் குண்டும் குழியுமான பாதையிலும் தோன்றும். சக்கரத்தின் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால், பள்ளத்தில் விழும் அதிர்ச்சியும் கூடும்.

இனி அளவு. டயரில் 185/65 R15 என்று எழுதியிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு, உள்வட்டம் 15 அங்குலம் என்பது பொருள். கணக்கிட்டால் டயரின் முழு உயரம் சுமார் 622 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 205/65 R16 பூட்டினால் உயரம் 673 ஆகிவிடும். அதாவது நூற்றுக்கு 8 பங்கு அதிகம். அப்போது வேகமானியின் முள் 60 காட்டுகையில் கார் உண்மையில் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். திண்டுக்கல்–மதுரை நாற்கரச் சாலையில் மாடும் சைக்கிளும் குறுக்கிடும் இடங்களில் இவ் வேற்றுமை அற்பமன்று. சக்கரம் உயர்ந்த அளவுக்கு எஞ்சினின் இழுவை தரையில் குறைவதால், ஏற்றத்தில் கியரை இறக்க நேரிடும்.

195/55 R16 பூட்டினால் முழு உயரம் மாறாது. ஆனால் பக்கச்சுவர் 120-லிருந்து 107 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். களத்துப் பாதையில் கல் மோதினால் ரிம் வளையும் அபாயம் அதிகம்.

கவனிக்க வேண்டியவை

டயர் மாற்றும்போது, கதவுச் சட்டத்திலோ கைப்புத்தகத்திலோ குறித்துள்ள அளவையே கேட்டு வாங்குக. அலாய் என்ற பெயரை மட்டும் நம்பி இலேசென்று எண்ணாமல், பழைய சக்கரத்தையும் புதியதையும் தராசில் வைத்துப் பார்க்க. நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில், முன்சக்கரத்தையோ பின்சக்கரத்தையோ மட்டும் வேறு அளவுக்கு மாற்றலாகாது. இரண்டின் சுழற்சியும் பொருந்தாமல் பற்சக்கரங்கள் தேய்ந்துவிடும். உழவு முடிந்ததும், கூட்டிய எடைகளைக் கழற்றிவிட்டே டிரெய்லர் வேலைக்குச் செல்க.

மாட்டின் குளம்புக்கு ஏற்ற லாடம் தேடுவதுபோல், வண்டி ஓடும் தரைக்கு ஏற்ற சக்கரத்தைத் தேடுவதே விவேகமாகும்.